படைமுகாமில் தனிமைப்படுத்தல்: வெள்ளவத்தைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருப்பதாகவும், நீரிழிவு உள்ள அம்மா அடுத்த மாதம் வரவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை இங்கே இராணுவ முகாம்களில் வைத்தார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். மறுபடி ஒரு தொற்று பரவினால் அம்மாவையும் அங்கே கொண்டுபோவார்களா, படையினர் தங்கும் இடம் அதற்கு ஏற்றதுதானா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் திருச்சிக்காரி. திருமணமாகிக் கொழும்புக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2020ஆம் ஆண்டை இங்கேதான் கழித்தேன். அதனால் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். படையினர் குடியிருப்பைத் தனிமைப்படுத்தலுக்குப் பயன்படுத்த முடியும், பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு அறையும் கழிப்பறையும் கிடைக்குமா, பொறுப்பில் இருப்பவர் மருத்துவரா அதிகாரியா என்பதைப் பொறுத்தே அது நல்ல இடமா கெட்ட இடமா என்று சொல்ல முடியும்.

இலங்கைக்கு இது புதிதும் அல்ல. மலைநாட்டில் இருக்கும் தியத்தலாவை முகாம், தென்னாப்பிரிக்கப் போரில் பிரித்தானியரிடம் பிடிபட்ட போயர் கைதிகளுக்காக 1900இல் அமைக்கப்பட்டது. பின்னர் அது இராணுவத்தின் இடமானது. 2020 பிப்ரவரி 1ஆம் தேதி வூஹானிலிருந்து மத்தள விமான நிலையத்தில் வந்திறங்கிய 33 பேரை அங்கேதான் தங்கவைத்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள். இரண்டு வாரம் கழித்து எல்லோரும் நோயின்றி வீடு திரும்பினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர், இடம் தாராளம், ஊர்க் கூட்டத்திலிருந்து தொலைவு. படைமுகாம் நன்றாகப் பயன்படுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், கொழும்புக்கு வடக்கே வெலிசறைக் கடற்படை முகாமில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளிகளோடு தொடர்புடையவர்களைத் தேடிப் பிடிக்கும் பணிக்குப் போன கடற்படையினருக்குத் தொற்று ஏற்பட்டு, முகாமுக்குள் நூற்றுக்கணக்கானோருக்குப் பரவியது. விடுமுறையில் ஊருக்குப் போனவர்களைத் தேடித் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் இளைஞர்கள், திடகாத்திரமானவர்கள், ஒழுங்குக்குப் பழகியவர்கள். அப்படியிருந்தும் பரவியது, ஏனென்றால் அடுத்தடுத்த கட்டிலில் தூங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதுதான் படைவீரர் விடுதி வாழ்க்கை. நோய்க்கு அதுவே போதும்.

என் கணவரின் தம்பி அந்த ஆண்டு வளைகுடாவிலிருந்து திரும்பி, படையினர் நடத்திய ஒரு நிலையத்தில் இருந்தார். உணவுக்குக் குறையில்லை, காசு வாங்கவில்லை, படையினர் மரியாதையாகவே நடத்தினார்கள் என்று இன்றும் சொல்வார். ஆனால் நீண்ட மண்டபம், வரிசையாகக் கட்டில்கள், எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. மண்டபத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் மற்றவர்களுக்கு நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அறிவிப்புகள் சிங்களத்தில் மட்டுமே வந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த மட்டக்களப்புப் பெரியவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனதை விளக்க இரண்டு நாள் ஆனது. எனக்கு இன்னும் கோபம் தருவது அதுதான். கட்டிடத்தை ஒரே இரவில் மாற்ற முடியாது என்பது புரிகிறது. தமிழ் பேசும் ஒரு தாதியை நியமிக்க எத்தனை நாள் வேண்டும்?

மற்ற நாடுகளிலும் இதையே செய்தார்கள். வூஹானிலிருந்து இந்தியா அழைத்துவந்த மாணவர்கள் பலர் அரியானாவின் மானேசரில் இராணுவம் ஏற்பாடு செய்த நிலையத்தில்தான் தங்கினார்கள். அமெரிக்கா, 2020 ஜனவரி இறுதியில் வூஹானிலிருந்து வந்த 195 பேரைக் கலிபோர்னியாவின் மார்ச் விமானப்படைத் தளத்தில் தங்கவைத்தது. அந்நாட்டின் மத்திய அரசு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறப்பிக்காத தனிமைப்படுத்தல் ஆணை அப்போது பிறப்பிக்கப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்தது பொறுப்பைப் பிரித்த விதம். பாதுகாப்புத் துறை இடத்தைக் கொடுத்தது. தங்கியவர்களைக் கவனிக்கும் வேலை சுகாதாரத் துறையுடையது. ஆஸ்திரேலியாவில் டார்வினுக்கு அருகில் உள்ள ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் படைமுகாம்கூட இல்லை, எரிவாயுத் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. தனித்தனி அறைகளும் திறந்தவெளி வராந்தாக்களும் இருந்ததால் நகர ஹோட்டல்களைவிட அது பாதுகாப்பானது என்று பெயர் பெற்றது. மெல்போர்னில் ஹோட்டல்களில் தங்கவைத்தபோது அங்கிருந்து ஊருக்குள் தொற்று பரவியது. ஆகவே ஹோட்டல் என்றால் நல்லது, முகாம் என்றால் கெட்டது என்று பிரித்துவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் இந்த ஊருக்குப் புதியவர் என்பதால். தனிமைப்படுத்தல் நிலையங்கள் வவுனியா பம்பைமடுவிலும், முல்லைத்தீவு கேப்பாப்புலவிலும் இருந்தன. 2009இல் போர் முடிந்தபின் முள்வேலிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்கள் வாழும் பகுதி அது. கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசம் இருந்த தங்கள் காணிகளைத் திரும்பக் கேட்டு 2017இல் வீதியோரத்தில் போராட உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இராணுவ பஸ்ஸில் ஏறச் சொன்னால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கால் தயங்கும். கொழும்பிலும், வாழைத்தோட்டத்து பண்டாரநாயக்க மாவத்தையில் 2020 ஏப்ரலில் தொற்று கண்டதும் நூற்றுக்கணக்கானோரைத் தொலைவிடங்களுக்கு அனுப்பினார்கள். ஆகவே யாராவது உங்களிடம் "முகாமுக்குப் போகப் பயம்" என்று சொன்னால், அதை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் அம்மா விஷயம். இங்கே தனிமைப்படுத்தலுக்கான சட்டம் 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதன்படி முடிவெடுக்கும் அதிகாரம் சுகாதாரத் துறைக்கு உண்டு. படையினர் உதவிக்கு வருகிறவர்கள். தெருமட்டத்தில் நீங்கள் பேச வேண்டியவர் உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி. கொரோனாவின் பிற்காலத்தில் வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளும் முறை வழக்கமாகிவிட்டது. வீட்டில் தனி அறையும் கழிப்பறையும் இருப்பதைக் காட்ட முடிந்தால், முகாம் பேச்சே எழாமல் போக வாய்ப்புண்டு. அதனால் அம்மா வருமுன் வீட்டை மாற்றுவதாக இருந்தால் குளியலறை சேர்ந்த அறையாகப் பாருங்கள். வெள்ளவத்தையில் வாடகை கூடுதல்தான். தெஹிவளைப் பக்கம் கொஞ்சம் குறையும்.

அம்மாவின் மருந்துப் பட்டியலை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். அதன் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும், அலுவலக நண்பர் யாராவது எழுதித் தருவார். இன்சுலின் போடுகிறவர் என்றால், குளிர்ப்பெட்டி வேண்டும் என்பதை அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். பொது மண்டபத்தில் முதலில் கிடைக்காமல் போவது அதுதான். கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் இருவர் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். காலி வீதியில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் விவரம் கொடுத்து வையுங்கள். 2020 ஜூன் தொடக்கத்தில் ஜலாஷ்வா என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்து இந்தியர்களைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் சென்றபோது, யார் போவது என்பதைத் தூதரகத்தில் பதிந்திருந்தவர்களிலிருந்துதான் முடிவு செய்தார்கள். உங்கள் ஊருக்கு அதைவிடப் பக்கத்துத் துறைமுகம் கிடையாது.

ஒருவேளை முகாமுக்கே போக நேர்ந்தால், அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதை பஸ் ஏறுமுன் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுத்து, தனி அறை வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குச் சிங்களம் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், தொலைபேசியில் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா