ஞாயிற்றுக்கிழமை ஏன் கை நடுங்குகிறது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். வயது 46. பதவி உயர்வு வந்து ஓராண்டு ஆகிறது. ஆசிரியர் கூட்டம், கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டம் என்றால் முதல் நாள் இரவே படபடப்பு. இடது தோள் வலிக்கிறது, முடி கொட்டுகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். யாராவது "நல்லா பண்றீங்க டீச்சர்" என்று சொன்னால் அன்று முழுக்கத் தெம்பு. சொல்லாவிட்டால் தூக்கம் போச்சு. நெட்டில் இதை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று போட்டிருக்கிறார்கள். நாத்தனாருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். நான்கு மாதமாகப் பள்ளி நாட்களில் தினமும் முழு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை போடுவதில்லை, ஆனால் அன்றுதான் கை அதிகம் நடுங்குகிறது. பழையபடி பாடம் நடத்தவே போய்விடலாமா?

பதில்: டீச்சர், இதயத்தைப் பற்றிய கவலையை இன்றோடு விடுங்கள். போன மாதம் அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு நடந்தே ஏறி இறங்கியதாகவும், ஒன்றும் செய்யவில்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மலை ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, அலுவலர் பெயரைக் கேட்டதும் அடித்துக்கொள்வது இதய நோயின் குணம் அல்ல. தோள்வலி கையைத் தூக்கினால் கூடுகிறது என்கிறீர்கள். அது தோள்மூட்டு சமாச்சாரம். முடி கொட்டுவதற்கு ஹீமோகுளோபினும் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால் அது அவசியம்.

நெட்டில் படித்த பெயருக்கும் பயப்பட வேண்டாம். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் 'எனக்கு இந்தத் தகுதி இல்லை' என்று உள்ளுக்குள் நினைப்பதைக் கவனித்து எழுதினார்கள். நோய்களின் பட்டியலில் அது இன்றுவரை இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் போனைத் தடவி நோய்க்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அன்று கூட்டம் இல்லை, அலுவலர் இல்லை, பயப்பட எதுவுமில்லை. பிறகு ஏன் நடுக்கம்? அல்பிரசோலம் ரத்தத்தில் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். சனிக்கிழமை காலை போட்டது ஞாயிறு மதியத்துக்குள் ஏறக்குறைய வடிந்துவிடுகிறது. நான்கு மாதம் பழகிய மூளை அதைத் தேடுகிறது. பாதி முழுதானதும் இதனால்தான். நீங்கள் தைரியக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் நடுக்கத்தில் ஒரு பங்கு மாத்திரையின் நடுக்கம்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே ஸ்டிரிப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போய், சிலருக்கு வலிப்பு வரை போகும். வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், மருத்துவர் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டிய மருந்து இது. அரசின் மருந்து விதிகளில் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாத்தனாரின் பழைய சீட்டைக் காட்டி நீங்கள் வாங்கியதும் தவறு, கடைக்காரர் கொடுத்ததும் தவறு. கூட்டத்தில் மாணவர் எண்ணிக்கை சட்டென்று நினைவுக்கு வராமல் திணறியதாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் கேட்பதை மனதில் பதிய விடாமல் செய்வதும் இந்த மாத்திரையின் குணம். தைரியத்துக்கென்று போட்டது தைரியத்தையே அரிக்கிறது.

இனி, நீங்கள் நேராகக் கேட்காத விஷயம். இந்த நாற்காலிக்கு நாம் லாயக்கில்லையோ என்பதுதான் உங்கள் பயம். 1977இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடலின் படபடப்பைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது: இந்த நான்கு வழிகள். முதலாவதுதான் ஆழமாக நிற்பது; வாய்வார்த்தை சீக்கிரம் கரைந்துவிடும். பாம்பைக் கண்டாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த சோதனையில், பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்களைவிட, உதவியோடு தாங்களே தொட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு நடத்திய கூட்டம் நன்றாக முடிந்தால் அந்தப் பெருமை மாத்திரைக்குப் போய்விடும். அலுவலர் பாராட்டியதால் வந்த தெம்பும் அலுவலருடையது. இரண்டுமே அடுத்த வேளைக்கு மறுபடி தேவைப்படும்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் காலையில் அரை மணி நேரம் வாசிப்பு வைத்தீர்கள். அதில் ஒரு பையன் பள்ளிக்கு வந்த ரேஷன் கடை அறிவிப்பை விரல் வைத்து வாசித்துவிட்டு, "டீச்சர், எங்க அம்மாவுக்கு நானே படிச்சுச் சொல்லிருவேன்" என்றான். இதற்கு இரண்டு வரி. அலுவலர் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதற்கு ஒன்றரைப் பக்கம்! அந்தப் பையன் வாசிக்கிறான், டீச்சர். அலுவலர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வாசிக்கிறான்.

ஒரு நோட்டு போடுங்கள். கண்ணாடி முன் நின்று 'நான் வலிமையானவள்' என்று சொல்லும் யூடியூப் வைத்தியம் வேண்டாம். எடுத்த முடிவு என்ன, ஏன் எடுத்தேன், ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன் என்று எழுதித் தேதி போடுங்கள். மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். சரியாகப் போனதும் இருக்கும், சொதப்பியதும் இருக்கும், எது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கூட்டம் முடிந்து "எப்படி இருந்துச்சு?" என்று சக ஆசிரியர்களைக் கேட்காதீர்கள், அது பாராட்டை இரந்து கேட்பது. "எந்த இடத்துல குழப்பமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சுருக்கென்று குத்தும், ஆனால் வேலைக்கு உதவும்.

நம் மதுரையில் இதைத் தொழிலாகவே செய்து காட்டியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, அதே விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு அறுவை மருத்துவரின் கையிலும் நேரும் சிக்கல்களை எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள். நோயாளி கையெடுத்துக் கும்பிடுவது மனதுக்கு இதம்தான். கை திருந்துவது அந்தக் கணக்கைப் பார்த்து.

கூட்டத்துக்கு முன் படபடப்பு முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது வரும்; வந்தால் வரட்டும், பேச ஆரம்பித்த சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் அந்தத் துறை உண்டு. மாத்திரை ஸ்டிரிப்பைக் கையோடு கொண்டுபோய், எத்தனை, எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை இப்போது போடும் அளவைக் கூட்டவும் வேண்டாம், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். இடையில் வாழ்க்கையே வெறுத்தாற்போல் தோன்றினால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பார்கள். பழைய வேலைக்கே போவதா என்ற கேள்வியை, மாத்திரை முழுதாக நின்று இரண்டு மாதம் ஆன பிறகு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.