அலமாரி எண் மாறி வந்த கேள்விகள்

அல்சூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், இந்த முறை என்னை நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஆராய்ச்சி செய்தவள் அல்ல. செய்தவர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுத்தவள். தேடிக் கொடுப்பதற்கு முன் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் இருந்தது. "கல்வெட்டு, மனம், வானம், கடல் எதைப் பற்றியும் கேட்கலாம்" என்று அறிவிப்பில் யாரோ தாராளமாக எழுதிவைக்க, துண்டுச்சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வந்தன. அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

செல்வி, முதுகலை மாணவி, ஜெயநகர்: கவிபுரம் கங்காதரேசுவரர் குகைக்கோயிலில் மகர சங்கராந்தி அன்று சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழுகிறது. இதை ஆய்வுக்கு எடுத்தால் பேராசிரியர்கள் சிரிப்பார்களா, அம்மா?

ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள், யாரும் சிரிக்கவில்லை. பெங்களூர் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்த பி.எஸ். சைலஜா இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 2008இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்தது.

முதலில் விரல்விட்டு எண்ணிப் பார். சூரியன் தெற்கே போகிற கடைசி நாள் டிசம்பர் 21 என்று வைத்துக்கொள். அங்கிருந்து சங்கராந்தி 24 நாள் தள்ளி வருகிறது. போன வழியேதான் சூரியன் திரும்பி வரும். ஆகவே டிசம்பர் 21க்கு 24 நாள் முன்பும் அது வானில் அதே உயரத்தில், அதே பாதையில் இருந்திருக்க வேண்டும். அந்த நாள் நவம்பர் 27. கோயிலில் அந்த வாரமும் நந்தியைத் தாண்டி ஒளி உள்ளே வருகிறது! ஆனால் அன்றைக்குத் தொலைக்காட்சி வண்டியும் இல்லை, வரிசையும் இல்லை. சங்கராந்தி அன்று தெருமுனை வரை நீளும் கூட்டத்தில் நான் ஒருமுறை நின்று, முன்னால் நின்றவரின் பின்னந்தலையைத் தரிசித்துவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு நவம்பர் கடைசியில் போனேன். அர்ச்சகரையும் சேர்த்து நான்கு பேர் இருந்தோம்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறோர் இடம். இந்த ஒளி அமைப்பு ஆதியிலிருந்தே இப்படித்தானா என்று அவர்கள் கேட்டார்கள். விடை தேட வானத்தைப் பார்க்கவில்லை, ஓவியத்தைப் பார்த்தார்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் இந்தக் கோயிலை வரைந்திருக்கிறார்கள். அதையும் இன்றைய கட்டடத்தையும் ஒப்பிட்டால், சுவர்களும் மண்டபமும் பின்னால் சேர்ந்தவை என்று தெரிகிறது. ஒளி வரும் வழியும் அதனால் மாறியிருக்கிறது. ஓவியர்கள் வானியலுக்காக வரையவில்லை, கோயிலுக்கும் அவர்கள் உறவில்லை. இருநூறு ஆண்டு கழித்து அவர்கள் கைவேலை அளவீடாகிவிட்டது.

எனவே தலைப்பை எடு. ஆனால் "முன்னோரின் அறிவியல் அற்புதம்" என்று தொடங்காதே. "இந்தச் சுவர் எப்போது கட்டப்பட்டது?" என்று தொடங்கு.

முருகேசன், டொம்லூர்: எங்கள் சொக்கநாதசுவாமி கோயில் கல்லில் தமிழ் எழுத்து தெரிகிறது. மைதா மாவு பூசினால் தெளிவாகப் படிக்கலாம் என்கிறார்கள். பூசலாமா?

கூடவே கூடாது. மாவும் சுண்ணாம்புப் பொடியும் கல்லின் நுண்ணிய துளைகளில் உட்கார்ந்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை வரும், எறும்பு வரும். பிறகு ஒரு புண்ணியவான் இரும்புப் பிரஷ்ஷால் தேய்ப்பார். எழுத்து அதோடு போயிற்று.

இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு போங்கள். விளக்கை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல், கல்லோடு கன்னம் ஒட்டுகிற மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். பகலில் வெறும் கீறலாகக் கிடந்தது 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று எழுந்து நிற்கும். முறையாகப் படியெடுப்பவர்கள் கல்லை நீரால் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித்தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் வரும். இதற்கு மைப்படி என்று பெயர். இப்போது முப்பரிமாண ஸ்கேனிங்கும் நடக்கிறது. மித்திக் சொசைட்டி என்ற பெங்களூர் ஆய்வு அமைப்பு 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை அப்படிப் பதிவு செய்துவருகிறது.

பெயர் சொக்கநாதர் என்றாலும் உள்ளே இருப்பவர் பெருமாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கல்வெட்டுகளில் உங்கள் பேட்டைக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். வீட்டு வாடகை விளம்பரத்தில் போட்டால் இன்னும் ஐயாயிரம் கூடக் கேட்கலாம். மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பெங்களூர் என்ற பெயரை முதலில் காட்டும் பேகூர் நடுகல்லோ கன்னடம்; ஏறக்குறைய கி.பி. 890. யார் முதலில் வந்தார்கள் என்ற சண்டைக்கு இரு தரப்பும் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். கல்லில் எழுதியிருப்பது பெரும்பாலும் யார் எந்த ஏரிக்குக் கீழே எவ்வளவு நிலம் கொடுத்தார் என்பதுதான்.

லீமா, செவிலியர், வில்சன் கார்டன்: பௌர்ணமி இரவில் மனநல வார்டில் கலவரம் அதிகம் என்று எங்கள் மூத்த செவிலியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தோன்றும். ஜேம்ஸ் ராட்டன், ஐவன் கெல்லி என்ற இருவர் 1985இல், நிலவையும் மனநிலையையும் பற்றிய 37 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். பொருட்படுத்தத் தக்க தொடர்பு எதுவும் தேறவில்லை. ரகளை நடந்த இரவில் ஜன்னல் வழியே முழு நிலவு தெரிந்தால் "அதுதான்!" என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. தேய்பிறையில் ரகளை நடந்தால் யாரும் நிலவைத் தேடுவதில்லை. அமைதியாகக் கழிந்த பௌர்ணமிகளும் நினைவில் நிற்பதில்லை.

தூக்கத்தின் கதை வேறு. 2013இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 33 பேரை நிலவே தெரியாத அறையில் தூங்கவைத்த பதிவுகளை ஆராய்ந்தபோது, பௌர்ணமியை ஒட்டிச் சராசரியாக 20 நிமிடம் குறைவாகத் தூங்கியிருந்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நீங்களே ஒரு நோட்டு போடுங்கள், லீமா. தேதியும் சம்பவங்களின் எண்ணிக்கையும் மட்டும். திதியை எழுத வேண்டாம், நாள்காட்டியையும் பார்க்க வேண்டாம். ஓராண்டு கழித்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பெயர் இல்லை: ஜோதிடமும் வானியலும் ஒன்றுதானே?

இல்லை.

அந்தோணி, மீன் வியாபாரி, சிவாஜிநகர்: நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். உண்மையா?

டப்பாவில் இருந்ததிலேயே நல்ல கேள்வி இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இது கேட்கப்பட்டு வருகிறது. கடல் முள்ளெலி, அதாவது உடம்பெல்லாம் முள் நிறைந்த உருண்டை உயிரி, பௌர்ணமியில் சினை பெருத்திருக்கும் என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். 1920களில் மன்ரோ ஃபாக்ஸ் என்ற விலங்கியலாளர் சூயஸில் அதைச் சோதித்தார். அங்கே செங்கடலில் வாழும் ஓர் இனம் உண்மையிலேயே நிலவின் சுற்றுக்கு ஏற்ப முட்டை முதிர்ந்து கொட்டியது. ஆனால் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலும் வியாபாரிகள் அதே கதையைச் சொன்னார்கள். அங்கே கிடைத்த இனத்தில் அப்படி ஒரு சுற்றும் இல்லை. ஒரு கடலில் மெய்யாக இருப்பது இன்னொரு கடலில் வெறும் பேச்சாக இருக்கலாம்.

நண்டுக்கு வருவோம். ஓடு கழற்றிய நண்டு புது ஓட்டைத் தன் உடம்பைவிடப் பெரிதாகக் கட்டும். இடைவெளியில் தண்ணீர்தான் இருக்கும், சதை பிறகுதான் நிரம்பும். ஓடு கழற்றும் காலம் சில இனங்களில் ஓதத்தோடு, அதாவது நிலவால் கடல்நீர் ஏறி இறங்குவதோடு, ஒத்துப்போகிறது, சிலவற்றில் இல்லை. எனவே வாடிக்கையாளரிடம் நிலவைப் பற்றி வாதாடாதீர்கள். நண்டைக் கையில் தூக்கிக் காட்டுங்கள். வயிற்றுப்பக்க ஓட்டை அழுத்தினால் அமுங்குகிறதா என்று அவரே பார்க்கட்டும். இதை அந்தோணிக்கு நான் சொல்லிக்கொடுப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்பதுதான். அன்று கூட்டத்தில், "கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை, மேற்கில் ஜூன், ஜூலை. உங்கள் கணக்கில் இதையும் சேர்த்தால்தான் சரக்கு எந்தக் கடலுடையது என்று தெரியும்" என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சாரதா, இந்திரா நகர்: மகள் உளவியல் படிக்கிறாள், மகன் வானியல் படிக்கிறான். "உன் படிப்புக்கும் என் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று தினமும் சண்டை. ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஒரு வேலை நீக்கமே உண்டு. 1796இல் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கெலின் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையைவிட்டு அனுப்பினார். காரணம், 0.8 நொடி. தொலைநோக்கியில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். நட்சத்திரம் அதைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தின் டிக் ஓசையைக் கேட்டுக்கொண்டே குறிக்க வேண்டும். உதவியாளர் எப்போதும் தலைவரைவிடத் தாமதமாகக் குறித்தார். கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று.

பல ஆண்டு கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இதைப் படித்தார். தன்னையும் மற்ற வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் தாமதம் இருந்தது. கண்ணும் காதும் மூளையில் சந்திக்க நேரம் எடுக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது! மனத்தின் வேகத்தை அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு வித்து. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்பவர் தொடங்கிய உளவியல் ஆய்வகத்தில் முக்கிய வேலையே இப்படிப்பட்ட நேர அளவைதான். கின்னிபுரூக்குக்கு வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். செவ்வாயில் கால்வாய் இருக்கிறது என்று பெரிய பெரிய வானியலாளர்கள் வரைபடமே போட்டார்கள். 1903இல் மாண்டர் என்பவர் பள்ளிப் பையன்களின் முன்னால் கால்வாயே இல்லாத ஒரு செவ்வாய்ப் படத்தை மாட்டி, பார்த்து வரையச் சொன்னார். தள்ளி உட்கார்ந்திருந்த பையன்களில் பலர், படத்திலிருந்த புள்ளிகளைச் சேர்த்து நேர்கோடுகள் வரைந்துவிட்டார்கள். கால்வாய் வெட்டியது நம் கண்தான். இந்தச் சோதனை வானியலா, உளவியலா என்று இருவரையும் கேளுங்கள். சண்டை புதிய கட்டத்துக்குப் போகும்.

ராஜா, ஒயிட்ஃபீல்டு, சொந்த ஊர் பாம்பன் பக்கம்: எங்கள் பழைய வீட்டுச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. அப்பா இடிக்கப்போகிறார். அதில் ஆராய ஏதாவது இருக்கிறதா?

தம்பி, இடிப்பதற்கு முன் எல்லாச் சுவரையும் படமெடுத்து வை. எந்த வரிசையில் எந்தக் கல், என்ன சாந்து, கட்டிய ஆண்டு பற்றி வீட்டில் யாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று எழுது. கல்லை விற்கவோ வண்டியில் ஏற்றவோ வேண்டாம். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையிடம் சொல்லிவிட்டுச் செய். கல் வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின என்பது உன் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இனி, கல்லுக்குள் என்ன இருக்கிறது? பல பவளங்களில் மரத்தின் வளையம் போல ஆண்டுக்கு ஒரு பட்டை உண்டு. சில பவளங்களின் மேற்புறத்தில் அதைவிட மெல்லிய, நாளுக்கு ஒன்றான கோடுகளும் தெரியும். 1963இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர் டெவோனியன் காலத்துப் புதைபடிவப் பவளங்களில், ஏறக்குறைய 38 கோடி ஆண்டு பழையவற்றில், அந்தக் கோடுகளை எண்ணினார். ஒரு வருடத்துக்கு 365 வரவில்லை, சுமார் 400 வந்தது. அப்போது ஒரு நாள் என்பது 22 மணி நேரம்தான். நிலவு எழுப்பும் ஓதம் கடலைத் தேய்த்துத் தேய்த்துப் பூமியின் சுழற்சியை மெதுவாக்குகிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவந்ததை, கடலடியில் உட்கார்ந்திருந்த ஒரு புழு அளவு உயிர் கோடு போட்டு வைத்திருந்தது. இந்தக் கட்டுரையை முதல்முறை நகலெடுத்தபோது நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று படித்து முடித்தேன். கேட்டவர் காத்திருந்து போய்விட்டார்.

உன் வீட்டுக் கல் அவ்வளவு பழையதல்ல. ஆனால் அது வளர்ந்த ஆண்டுகளின் கடல் வெப்பம் அந்தப் பட்டைகளில் பதிந்திருக்கும். உப்புக் காற்றும் சாந்தும் அதைக் கெடுத்திருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பவள ஆய்வாளர். அப்பாவிடம் ஒரு மாதம் தவணை கேள்.

கௌதம், ஆய்வு மாணவர்: மூவாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடுகிறோம் என்று ஓர் இதழிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கல்வெட்டு முதல் கடல் ஆய்வு வரை எல்லாத் துறையும் ஏற்பார்களாம்.

எல்லாத் துறையும் ஒரே வாரத்தில் படித்துத் திருத்தக் கூடியவர் இருந்தால் அவருக்கு மூவாயிரம் போதாது. அந்தக் காசுக்கு நல்ல டார்ச் ஒன்று வாங்கி முருகேசனோடு டொம்லூர் கோயிலுக்குப் போ.

யாழினி, ஐந்தாம் வகுப்பு: நிலா அல்சூர் ஏரிக்கு மேலே வரும்போது ஏன் பெரிசா இருக்கு, மேலே போனதும் ஏன் சின்னதாகிடுது?

சின்னதாகவே இல்லை, கண்ணு. ஏரிக்கரையில் நிலா எழும்போது கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதை மறை. இரவு பத்து மணிக்கு மாடியில் ஏறி அதே விரலால் திரும்ப மறை. இரண்டு முறையும் நகம் நிலவைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். உண்மையில் எழும்போது நிலா நம்மிடமிருந்து கொஞ்சம் கூடுதல் தூரத்தில் இருக்கிறது, அதனால் துளி சிறியது. அப்புறம் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதற்குப் பெரியவர்கள் பல பதில் வைத்திருக்கிறார்கள், ஒன்றிலும் எல்லாரும் ஒத்துப்போகவில்லை.

கூட்டம் முடிந்ததும் யாழினி அம்மாவை இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள். அன்று அமாவாசைக்கு மறுநாள் என்பதை நான் கவனிக்கவில்லை.