தூற்றுவதா, தெள்ளுவதா?

கேள்வி: உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பாடத்தில், தெரிவுக்குழு விண்ணப்பங்களை 'வின்னோ' செய்தது என்று ஒரு வரி வந்தது. அகராதியோ அச்சொல்லுக்குத் 'தூற்று' என்று பொருள் தருகிறது. விண்ணப்பங்களை எவராவது தூற்றுவார்களா? இச்சொல் எங்கிருந்து வந்தது?
- வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: அகராதியில் பிழை இல்லை, அது சொல்வது களத்துத் தூற்றுதலை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் வெட்டிச் சூடு மிதித்தபின், சோளகக் காற்றுக்குக் குறுக்காக நின்று, சுளகைத் தலைக்கு மேல் உயர்த்தி நெல்லை மெல்லச் சரியவிட்டால், மணி காலடியில் குவியும்; பதரும் கூளமும் காற்றோடு தள்ளிப்போய் விழும். அந்தச் செயலே 'வின்னோ'.

பழைய ஆங்கிலத்தில் அது 'வின்ட்வியன்' என்று இருந்தது. காற்றைக் குறிக்கும் 'வின்ட்' என்ற பெயர்ச்சொல்லில் பிறந்த வினை அது. நடுவிலிருந்த டகர ஒலி நாளடைவில் தேய்ந்துவிட்டதால், சொல்லுக்குள் காற்று இருப்பது இன்று எவருக்கும் புலப்படுவதில்லை. யன்னலைக் குறிக்கும் 'வின்டோ'வும் இதற்கு உறவு. ஸ்கண்டிநேவியரின் பழைய மொழியான நோர்ஸில் 'காற்றுக்கண்' எனப் பொருள்படும் சொல் அது. யன்னலைக் குறிக்கும் நம் பழஞ்சொல்லான 'காலதர்' என்பதிலும் கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரம் அதற்குக் கண்ணும் வைத்து 'மான்கட் காலதர்' என்கிறது. இவ்வளவு தொலைவிலுள்ள இரு மொழிகள் ஒரே பொருளை ஒரே விதமாகப் பார்த்திருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

களத்துக்குள் 'வின்னோ'வும் தூற்றுதலும் ஒன்றுதான். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ரூத்தின் கதையில் போவாஸ் வாற்கோதுமையை 'வின்னோ' செய்கிறான். தமிழ் விவிலியத்தில் தூற்றுகிறான். களத்தை விட்டு வெளியே வந்ததும் அவை பிரிகின்றன. ஆங்கிலம் காலடியில் குவிந்த மணியைக் கண்டு, வேண்டாததை நீக்கி நல்லதைத் தெரிதல் என்ற பொருளைக் கொண்டது. தமிழோ காற்றில் பறந்து ஊரெல்லாம் பரவியதைக் கண்டு, அலர் தூற்றுதல், பழி தூற்றுதல் என்று சொன்னது. உங்கள் மகள் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

பத்திரிகைகள் இங்கே 'வடிகட்டியது' என்று எழுதும். அது நீருக்குரிய சொல் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. சுளகில் மெல்ல அசைத்துத் தூசு நீக்குவதைத் தெள்ளுதல் என்கிறோமே, 'விண்ணப்பங்களைத் தெள்ளியெடுத்தது' என்று எழுதச் சொல்லுங்கள். இப்போது வெட்டு மெசினுக்குள் இருக்கும் விசிறியே இந்த வேலையைச் செய்துவிடுவதால், அவர் இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஒரு பிடி நெல்லைச் சுளகிலிட்டு முற்றத்தில் ஒருமுறை தூற்றிக் காட்டுங்கள்.