பெட்ரா படத்தில் கையெழுத்து இருந்தால் அது அசலா?

கேள்வி: போன வருடம் குடும்பத்தோடு ஜோர்தான் போய், பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரமான பெட்ராவைப் பார்த்துவிட்டு வந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த பெட்ரா படம் ஒன்று, சட்டம் போட்டது, இப்போது இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தின் மூலையில் அவர் பெயரும் 1839 என்ற வருடமும் இருக்கின்றன. ஓவியரே கையெழுத்துப் போட்ட 1839-ஆம் வருட அசல் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அந்தக் கையெழுத்தை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். 1839 என்பது ராபர்ட்ஸ் பெட்ராவில் உட்கார்ந்து வரைந்த வருடம், அச்சான வருடம் இல்லை. எகிப்து, சினாய், பெட்ரா, எருசலேம் என்று சுற்றி அவர் கொண்டுவந்த படங்களை லண்டனில் லூயி ஹாக் என்பவர்தான் அச்சடிப்பதற்காகக் கல்லில் திரும்ப வரைந்தார், இப்படி அச்சடிப்பதுதான் கல்லச்சு (அவருக்கு வலக்கை ஊனம், அத்தனையும் இடக்கையால் வரைந்தது, அந்த வேலையை நேரில் பார்த்தால் நம்பவே முடியாது). பெயரும் வருடமும் கல்லிலேயே ஏறிவிட்டதால் எல்லாப் பிரதியிலும் அவை இருக்கும், நேற்று அடித்த போஸ்டரில்கூட.

முதல் பதிப்பு 1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக வந்தது. தாள் பெரியது, நீளப் பக்கம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அப்புறம் 1855-56-இல் கிட்டத்தட்ட பாதியளவில் ஒரு பதிப்பு வந்தது. அதுவும் உண்மையான கல்லச்சுதான், ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும். அதனால் சட்டத்தின் அளவைக் கேட்காதீர்கள், தாளின் அளவைக் கேளுங்கள்.

போஸ்டரா கல்லச்சா என்று கண்டுபிடிக்க, நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். முதலில் உங்கள் வீட்டுக் காலண்டரில் வைத்துப் பாருங்கள்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் தெரியும். படத்திலும் அப்படித் தெரிந்தால் பேச்சே வேண்டாம், அது இந்தக் காலத்து ஆஃப்செட் இயந்திர அச்சு. கல்லச்சில், சொரசொரப்பான சுவரில் கரித்துண்டால் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத பொடிப்பொடியான மணிகள்தான் இருக்கும். கையால் தீட்டிய வண்ணம் என்றால் அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஒட்டகக்காரரின் சிவப்புத் துணியில் பாருங்கள், ஓரம் சுத்தமாக நிற்காது. ஆனால் வண்ணம் இல்லாமல் வந்த பிரதிகளுக்குப் பிற்காலத்தில் நிறம் பூசி விற்பதும் நடக்கிறது, எப்போது பூசியது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக மின்னினால் அது பழைய தாள் இல்லை.

சட்டத்தைக் கழற்றி முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலையை லென்ஸ் வழியாக ஒரு படம். மட்டமான அட்டை வைத்திருந்தால் ஓரமெல்லாம் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கும், அதற்கும் விலை குறைக்க வேண்டும். கழற்ற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ராபர்ட்ஸின் பெட்ரா படங்கள் அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன. எனக்கென்றால் அந்த 1855 சின்னப் பதிப்பில் கறை படாத ஒன்றை வாங்குவேன்.