மாதாவின் முழங்காலைப் பாருங்கள்

கேள்வி: இடைக்கால மாதா படம் எது, மறுமலர்ச்சித் தொடக்க காலத்தது எது? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

ஒரே காட்சியை வரைந்த படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் உள்ள உஃபீஸி அருங்காட்சியகத்தில் சிமபுவே, துச்சோ, ஜோத்தோ என்ற மூன்று பழைய இத்தாலிய ஓவியர்களின் பெரிய பலகை ஓவியங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. மூன்றிலும் மாதா அரியணையில், மடியில் குழந்தை இயேசு, சுற்றிலும் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். சிமபுவேயின் மாதாவுக்கு உடை மடிப்பெல்லாம் தங்கக் கோடுகள். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் துணிக்குள்ளே உடம்பு இருப்பதே தெரியாது. சம்மனசுகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஜோத்தோவிடம் வாருங்கள். சுமார் 20 ஆண்டுதான் இடைவெளி. தங்கக் கோடு போய், வெளிச்சமும் நிழலும் வந்துவிட்டன. முழங்கால் துணியை முட்டிக்கொண்டு முன்னே வருகிறது. உதடு லேசாகப் பிரிந்து பல் தெரிகிறது. இந்த அம்மா மூச்சு விடுகிறாள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். இத்தனைக்கும் சம்மனசுகளைவிட அவளைப் பல மடங்கு பெரிதாக வரையும் பழைய வழக்கத்தை ஜோத்தோவும் விடவில்லை.

கேள்வி: தங்கப் பின்னணி இருந்தால் இடைக்காலம் என்று முடிவு செய்யலாமா?

கூடாது. மறுமலர்ச்சித் தொடக்க கால ஓவியர் மசாச்சோ 1426இல் பீசா நகரத் தேவாலயம் ஒன்றுக்கு வரைந்த மாதா இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பின்னால் தங்க ரேக்குதான். ஆனால் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து விழுகிறது. குழந்தை திராட்சையை வாயில் வைத்துச் சப்புகிறது. அதன் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைக் கவனியுங்கள்: தட்டைச் சாய்த்துப் பிடித்ததுபோல் நீள்வட்டமாக இருக்கிறது. பழைய ஓவியர்கள் அதை நேர்வட்டமாகத்தான் போடுவார்கள். சரி, பின்னணியை விட்டுவிட்டு நிழலையும் ஒளிவட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: பழைய படங்களில் முகம் ஏன் பச்சையாக இருக்கிறது?

முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன்மேல் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த இளஞ்சிவப்பை மெல்லிய கோடுகளாக இழைப்பார்கள். காலப்போக்கிலும், துடைத்துச் சுத்தம் செய்ததிலும் மேல்பூச்சு தேய, அடியில் இருந்த பச்சை வெளியே வந்துவிட்டது.

கேள்வி: உஃபீஸியில் இருக்கும் துச்சோவின் அந்தப் படத்தை சிமபுவே வரைந்ததாகப் படித்தேனே?

16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி அப்படி எழுதியதால் வந்த குழப்பம். 1285இல் போட்ட ஒப்பந்தத்தில் துச்சோவின் பெயர்தான் இருக்கிறது.