காலேஜ் கேம், சீசன் டிக்கெட், காலி சீட்டு: உங்க கேள்விக்கு பதில்

கேள்வி: விலை ஏறுனா கூட்டம் குறையும், இது தெரிஞ்சதுதானே சார்?

பதில்: விலை மட்டும்னா சமாளிச்சிருவாங்க, அதோட வேற ஒண்ணு சேரும்போதுதான் அடி விழுது. அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, அமெரிக்க ஃபுட்பால்) ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம், 1975-லருந்தே ஹோம் கேம்னா, அதாவது சொந்த ஸ்டேடியத்துல நடக்கற மேட்ச்னா, லட்சம் பேருக்கு மேலன்னு பெருமை பேசுற இடம். அங்கயே 2014-ல ஸ்டூடண்ட் சீசன் டிக்கெட், அதாவது அந்த சீசன் ஹோம் கேம் எல்லாத்துக்கும் சேத்து வாங்கறது, 300 டாலர் கிட்ட இருந்துச்சு, அந்த வருஷம் பாத்து ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், நோட்ர டாம்னு மூணு பரம எதிரி டீமோட மேட்சும் வெளியூர்ல, டீமும் தோத்துக்கிட்டு இருந்துச்சு. பசங்க ஆயிரக்கணக்குல வாங்காம விட்டுட்டாங்க. நடுவுல ரெண்டு கோக் வாங்குனா ரெண்டு டிக்கெட்னு ஒரு ஆஃபர் வேற, முழுப் பணம் கட்டுனவனுக்கு வயிறு எரியுமா எரியாதா? அக்டோபர் கடைசில யுனிவர்சிட்டியோட விளையாட்டுத் துறைத் தலைவர் (அத்லெட்டிக் டைரக்டர்) டேவ் பிராண்டன் ராஜினாமா பண்ணாரு, அடுத்த சீசன் ஸ்டூடண்ட் விலை 175 டாலர்னு இறக்குனாங்க.

கேள்வி: அப்ப சல்லிசா குடுத்தா எல்லாரும் வந்துருவாங்களா?

பதில்: வாங்குவாங்க, வரணும்னு இல்ல. ஒஹாயோ யுனிவர்சிட்டி தியேட்டர் சீசன் டிக்கெட்ட வெச்சு ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு பேர் பண்ண ஆராய்ச்சி 1985-ல வந்துச்சு. முழு விலை 15 டாலர், சிலருக்கு மட்டும் எதேச்சையா தள்ளுபடி. சீசன் முதல் பாதில முழு விலை குடுத்தவங்கதான் அதிக நாடகத்துக்கு வந்தாங்க, ரெண்டாம் பாதில பெருசா வித்தியாசம் இல்ல. காசு குடுத்தோமேங்கற உறுத்தல் அவ்ளோ நாள்தான் தாங்கும். நாடகத்துக்கு சொன்னதுதான், ஆனா நவம்பர் குளிர்ல அலுமினிய பெஞ்சுல உக்காரணும்னா அது இன்னும் சீக்கிரம் கரையும்னுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஸ்டூடண்ட்ஸுக்கு ஃப்ரீயா விட்டா?

பதில்: ட்யூக் யுனிவர்சிட்டில அப்படித்தான், பேஸ்கட்பால் கேமுக்கு பசங்க பணம் கட்டறதில்ல, ஆனா பரம எதிரி நார்த் கரோலினாவோட மேட்சுன்னா வாரக்கணக்குல கூடாரம் போட்டு வாசல்லயே படுத்துக் கிடப்பாங்க. காசுக்கு பதிலா நேரத்தக் குடுக்கறாங்க, அதான் அங்க விலை, குடுத்தவன் வராம இருக்க மாட்டான். அலபாமா யுனிவர்சிட்டி ஃபுட்பால்ல சிக்கல் வேற, வந்த பசங்க பாதில கிளம்பிருவாங்க. 2019-ல ஒரு ஆப் கொண்டுவந்தாங்க, வந்தா 100 பாயிண்ட், கடைசி கட்டமான நாலாவது குவார்ட்டர் வரைக்கும் இருந்தா இன்னும் 250, பாயிண்ட் சேந்தா பெரிய மேட்ச் டிக்கெட்டுக்கு முன்னுரிமை.

கேள்வி: டிவில பாதி காலியா தெரியுது, கூட்டம் மட்டும் 90 ஆயிரம்னு அறிவிக்கறாங்களே?

பதில்: பல இடத்துல அது வித்த டிக்கெட், இல்ல சும்மா குடுத்ததயும் சேத்த கணக்கு. கேட்ல ஸ்கேன் ஆன எண்ணிக்கைதான் நிஜம், அதக் கேட்டு வாங்குங்க.

கேள்வி: பையன் இந்த மாதிரி ஒரு அமெரிக்க காலேஜ்ல சேரப்போறான், சீசன் டிக்கெட் வாங்கலாமா?

பதில்: விலைய அப்புறம் பாருங்க, முதல்ல ஹோம் கேம் லிஸ்ட எடுங்க. அவன் நிச்சயம் போவான்னு சொல்ற மேட்ச் குறைஞ்சது நாலு இருந்தா வாங்குங்க, ரெண்டுதான்னா தனித்தனியா எடுத்துக்கலாம்.