சின்ன வெங்காயம்: இந்த வாரக் கேள்விகள்

செம்மண் நிலம் வெங்காயத்துக்கு ஒத்துவருமா? (துறையூர்)

நிறத்தை மட்டும் எழுதினால் என்ன சொல்வது? ஒன்றரை அடி குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த நிலம் வேண்டாம். நட்டே ஆகவேண்டும் என்றால் மேட்டுப்பாத்தி போடுங்கள். மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7 வரை நல்லது. கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். உப்பு அளவு (அறிக்கையில் EC, dS/m என்று இருக்கும்) 1-க்குள் இருந்தால் கவலையில்லை, 2-ஐ நெருங்கினால் கால்வாசி விளைச்சல் போய்விடும்.

உரம் போட்ட மறுநாள் மண் மாதிரி எடுத்தேன், சரியா?

வீண். அடுத்த பயிருக்கு முன் எடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்துப் பத்து இடங்களில், அரை அடி ஆழத்தில்.

ஏக்கருக்கு விதை வெங்காயம் எவ்வளவு?

600 கிலோ. கோ 5 போன்ற ரகத்தை நாற்று விட்டு நட்டால் 1 கிலோ விதை போதும். நேற்று அறுத்த காயை இன்று நடாதீர்கள், சீராக முளைக்காது. இரண்டு மாதமாவது பட்டறையில் (வெங்காயம் சேமிக்கும் இடம்) கிடக்கட்டும்.

தொடர்ந்து நான்காம் போகம். இலை திருகி, கழுத்து நீண்டு, காய் வைக்கவில்லை. என்ன மருந்து? (செட்டிகுளம்)

மாதம் பத்துக் கடிதம் இப்படித்தான் வருகிறது. இது திருகல் நோய். நம் பக்கத்தில் கோழிக்கால் என்பார்கள். பூஞ்சாணம் விதைக்காயிலும் பழைய வெங்காயத் தாளிலும் தங்கி, தொடர்மழையில் பரவும். அதே வயலில் அதே பயிரை நான்கு முறை வைத்து நோயை வளர்த்துவிட்டு மருந்து கேட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம். தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரியுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த பாத்திக்கு நீங்களே அனுப்பியதாகும். நோய் வந்த வயலில் இருந்து விதைக்காய் எடுக்கவே கூடாது. இரண்டு வருடம் மக்காச்சோளம் அல்லது சோளம் போடுங்கள். பூண்டு வேண்டாம், மிளகாயும் வேண்டாம். மிளகாயில் பழ அழுகலைத் தருவதும் இதே இனப் பூஞ்சாணம்தான். மறுபடி நடும்போது கிலோ விதைக்காய்க்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நடுங்கள். இது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம். ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து மண்ணிலும் இடுங்கள். ரசாயன மருந்தில் நனைத்த காயில் இதைச் சேர்த்தால் செத்துப்போகும். தண்ணீர் தேங்கும் வயலில் இவை எதுவும் எடுபடாது. குழி சோதனையை மறுபடி படியுங்கள்.

காய் பெருக்க 50-ஆம் நாள் யூரியா போடலாமா?

கூடாது. கழுத்து தடித்துப் பட்டறையில் அழுகும். ஏக்கருக்கு அடியுரம் 10 டன் தொழுவுரம், சூப்பர் பாஸ்பேட் 150, பொட்டாஷ் 20, யூரியா 25 கிலோ. 30-ஆம் நாள் இன்னொரு 25 கிலோ யூரியா. அவ்வளவுதான்.

பட்டறையில் அழுகுகிறதே?

அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினீர்களா? முக்கால்வாசித் தாள் சாய்ந்தபின் பிடுங்கி, நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, ஓர் அங்குலம் விட்டுத் தாளை அறுங்கள். பட்டறை தரையைத் தொடக்கூடாது. அகலம் நாலடிக்கு மேல் போனால் நடுவில் காற்று போகாது.